நல்ல அம்ப், நல்ல ஸ்பீக்கர், கெட்ட சோடி

உலகத்திலேயே நல்ல ரியூப் அம்பிளிபையர் எது என்று கேட்டால் பதில் இல்லை. கேள்வியே அரைவாசிதான் கேட்கப்பட்டிருக்கு. எந்த ஸ்பீக்கருக்கு, எந்த அறையில என்ற மற்ற அரைவாசியையும் சேர்த்தால்தான் அது கேள்வியாகும். ஆனால் ஹை-எண்ட் ஓடியோ பற்றின விமர்சனங்களைத் திறந்து பாருங்கோ. அம்புக்குத் தனியாக ஐந்து நட்சத்திரம், ஸ்பீக்கருக்குத் தனியாக ஐந்து நட்சத்திரம். ரெண்டையும் ஒரே அறையில கொண்டுபோய் வைத்தால் பத்து நட்சத்திரம் வரும் எண்டுதான் வாசிக்கிற ஆள் நினைக்கும். பல நேரம் வாறது ரெண்டு.

சாதகப் பொருத்தம் பார்த்துக் கலியாணம் செய்கிறதில எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில பொருத்தம் பாருங்கோ எண்டு சத்தமாகச் சொல்லுவன். பத்துப் பொருத்தம் கூடத் தேவையில்லை, மூன்று காணும். மூன்றும் எண்கள்தான். ஓ.எல். கணிதம் தெரிந்த எவரும் பார்க்கலாம்.

நான் கலைப்பீடம். இந்தச் சாமான்கள் வாங்கிற காசு என்னட்ட இல்லை, இதை வாசிக்கிற கனபேரிட்டயும் இருக்காது. பிறகேன் இதை எழுதுறன்? ஓடியோ விமர்சனங்கள் பாவிக்கிற சொற்கள் எங்களுடையவை என்பதால. 'இதம்', 'ஆன்மா', 'உயிர்ப்பு', 'மனிதக் குரலின் நெருக்கம்' எல்லாம் நாங்கள் கவிதைக்கும் படத்துக்கும் பாவிக்கிற சொற்கள். ரியூப் அம்ப் பற்றி எழுதுறவர்கள் அவற்றை இரவல் வாங்கி, ஒரு பெருக்கல் கணக்கை மறைக்கிற திரையாகத் தொங்கவிடுகிறார்கள். அந்தத் திரையை விலக்கிப் பார்க்கிற உரிமை கலைப்பீடத்துக்கும் இருக்கு.

முதலில ரியூப் அம்ப் எண்டால் என்ன? எங்கட அப்பப்பாமார் 'வால்வ் றேடியோ' எண்டு சொன்னதுக்குள்ள மினுங்கின அதே கண்ணாடிக் குழாய்தான். இண்டைக்கும் அதை வைத்து விலைகூடின அம்ப்கள் செய்யப்படுகின்றன. அதில அதிகம் கொண்டாடப்படுறது வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1930களில கொண்டுவந்த 300பி என்ற ரியூப். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு 300பி வைத்துச் செய்கிற 'சிங்கிள் எண்டட்' அம்ப் ஏறக்குறைய 8 வொட் தரும். 2ஏ3 என்ற ரியூப் எண்டால் மூன்றரை வொட். ஈஎல்34 ரியூப் ரெண்டைச் சோடியாக வைத்து 'புஷ்-புல்' முறையில செய்தால் 35 வொட் அளவில வரும். சாதாரண ரான்சிஸ்டர் அம்ப் ஒன்று 100 வொட் தாறது பெரிய விஷயமில்லை. ஆக, ரியூப்காரரிட்ட இருக்கிறது சின்னப் பணப்பைதான். அதை எங்கே செலவழிக்கிறது எண்டதுதான் முழுக் கதையும்.

முதலாவது எண் ஸ்பீக்கரின் சென்சிற்றிவிற்றி. ஒரு வொட் குடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்ற அளவு அது. இங்கே கணக்கு கொஞ்சம் இரக்கமில்லாதது. 3 டெசிபல் கூட்ட வொட் இரண்டு மடங்காக வேணும். 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு. இண்டைய ஹை-எண்ட் ஸ்பீக்கர்கள் கனக்க 86, 87 டெசிபல் அளவில நிற்கின்றன. ஒரு பக்கம் 86 டெசிபல் ஸ்பீக்கர், மறுபக்கம் 98 டெசிபல் ஸ்பீக்கர் எண்டு வையுங்கோ. வித்தியாசம் 12 டெசிபல், அதாவது 16 மடங்கு. 98 டெசிபல் ஸ்பீக்கரில 8 வொட் செய்கிற வேலையை மற்றதில செய்ய 128 வொட் வேணும்.

8 வொட் முழுதையும் கொட்டினாலும் 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு மீற்றரில 95 டெசிபலைத்தான் தொடும். நீங்கள் இருக்கிற கதிரை அதைவிடத் தள்ளியிருக்கும், அங்கே இன்னும் குறையும். நல்லாகப் பதிவுசெய்த இசையில சராசரிச் சத்தத்துக்கும் உச்சத்துக்கும் இடையில 15, 20 டெசிபல் இடைவெளி சாதாரணமாக இருக்கும். தவிலின் ஒரு அடி, பியானோவின் ஒரு குத்து, தாளவாத்தியங்கள் ஒன்றாக எழும்புற கணம், இதெல்லாம் அந்த இடைவெளிக்குள்ளதான் வாழுது. அம்ப் அதைக் குடுக்க ஏலாமல் உச்சியை வெட்டிவிடும். ரியூப் அம்ப் பொதுவாக அந்த வெட்டை ரான்சிஸ்டர் மாதிரிக் கரகரவெண்டு செய்யாது, விளிம்பை மெதுவாக மழுக்கும். அதனால கேட்கிறவருக்குப் பிழை பிழையாகத் தெரியாது. 'எவ்வளவு இதமாக இருக்கு' எண்டு எழுதிவிடுவார். இதமில்லை அது. தவிலின் அடியைக் காணேல்லை.

சென்சிற்றிவிற்றி எவ்வளவு பெரிய விஷயம் எண்டதுக்கு எங்கட ஊரிலேயே சாட்சி இருக்கு. கோயில் திருவிழாவுக்கு மரத்திலயும் கம்பத்திலயும் கட்டுற புனல் வடிவ லவுட்ஸ்பீக்கரை நினையுங்கோ. அது அவ்வளவு தூரம் கேட்கிறதுக்கு மின்வலு மட்டும் காரணமில்லை, புனல்தான் காரணம். சின்ன மென்தகட்டின் அசைவை வெளிக்காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக இணைத்து விடுறது புனலின் வேலை. தரம் வேறு விஷயம், காலமை நாலு மணிக்கு எழுப்புறது இன்னொரு விஷயம். ஆனால் பௌதிகம் ஒன்றுதான். 1930களின் சினிமாத் தியேட்டர்கள் ஒரு சில வொட் ரியூப் அம்ப்களோடு முழு மண்டபத்தையும் நிரப்பினது இந்தப் புனலை வைத்துத்தான். அமெரிக்காவில போல் கிளிப்ஷ் 1946இல் விற்கத் தொடங்கின கிளிப்ஷோர்ன், வீட்டு மூலையின் சுவர்களையே புனலின் தொடர்ச்சியாகப் பாவிச்சது. அதன் சென்சிற்றிவிற்றி 100 டெசிபலுக்கும் மேல.

அப்ப எல்லாரும் ஏன் அதையே செய்யேல்லை? இங்கேதான் வரலாறு வருது. ஹொஃப்மனின் இரும்பு விதி எண்டு ஒன்று இருக்கு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிற்றிவிற்றி ஆகிய மூன்றில ரெண்டைத்தான் எடுக்கலாம், மூன்றாவதைக் கைவிட வேணும். கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில 'எச்' ஆக இருக்கிறவர்தான் அந்த அன்ரன் ஹொஃப்மன். 1954இல் எட்கர் வில்ச்சரின் அக்குஸ்டிக் ரிசேர்ச் நிறுவனம் ஏஆர்-1 என்ற சின்ன மூடின பெட்டியைக் கொண்டுவந்தது. பேஸ் ஆழம், பெட்டி சின்னன், கைவிட்டது சென்சிற்றிவிற்றியை. பேந்து ரான்சிஸ்டர் வந்தது, வொட் மலிஞ்சுது. மலிஞ்ச வொட்டை நம்பி ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இன்னும் தாராளமாகச் செலவழிச்சார்கள்.

ஆகவே ஒரு 300பி அம்பையும் இண்டைய ஹை-எண்ட் ஸ்பீக்கரையும் சோடி சேர்க்கிறது ரெண்டு பெட்டிகளைச் சேர்க்கிறது மட்டுமில்லை. வொட் அருமையாக இருந்த காலத்தின் சாமானையும் வொட் மலிவான காலத்தின் சாமானையும் சேர்க்கிறம். ரெண்டிலயும் பிழையில்லை, ரெண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். இதை விளங்க எஞ்ஜினியரிங் தேவையில்லை, வரலாறு படிச்சால் காணும்.

ரெண்டாவது எண் இம்பீடன்ஸ். ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டுற தடை எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ. ஆனால் அது ஒரே அளவாக நிற்கிற தடை இல்லை, மீடிறனோடு மாறிக்கொண்டே இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தில '8 ஓம்' எண்டு ஒட்டியிருக்கிறது ஒரு பெயர் மட்டும்தான். அதே ஸ்பீக்கர் ஒரு மீடிறனில 3 ஓமுக்கு விழும், இன்னொன்றில 30 ஓமுக்கு ஏறும். கேட்க வேண்டிய எண் அந்தப் பெயர் இல்லை, ஆகக் குறைஞ்ச ஓம் எவ்வளவு, அது எந்த மீடிறனில வருது என்பது.

சென்சிற்றிவிற்றி எண்ணையும் இதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேணும். கனக்க நிறுவனங்கள் 'ஒரு வொட்டுக்கு' எண்டு அளக்கிறதில்லை, '2.83 வோல்ட்டுக்கு' எண்டு அளக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் எண்டால் சரியாக ஒரு வொட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது ரெண்டு வொட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில '90 டெசிபல்' எண்டு போட்டிருந்தால், வொட்டை எண்ணிச் செலவழிக்கிற ரியூப் அம்புக்கு அது 87 டெசிபல்தான். ஆரும் பொய் சொல்லேல்லை. சின்ன எழுத்தைத்தான் நாங்கள் வாசிக்கேல்லை.

மூன்றாவது எண் அம்பின் பக்கம் இருக்கு. பெயர் அவுட்புட் இம்பீடன்ஸ், அம்பின் உள்ளே இருக்கிற சொந்தத் தடை. என்ர வாதத்தின் மையம் இதுதான், அதனால கணக்கை முழுக்கப் போடுறன். அம்பின் சொந்தத் தடையும் ஸ்பீக்கரும் வோல்ட்டைத் தங்களுக்குள்ள பங்கு போடும். எந்தப் பின்னூட்டமும் இல்லாத சிங்கிள் எண்டட் அம்ப் ஒன்றின் சொந்தத் தடை 2 ஓம் எண்டு வையுங்கோ, அது சாதாரணமான எண்தான். ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கிற மீடிறனில அதுக்குக் கிடைக்கிறது ஆறில நாலு பங்கு, 67 சதவீதம். 32 ஓமாக இருக்கிற மீடிறனில 34இல் 32 பங்கு, 94 சதவீதம். ரெண்டுக்கும் இடையில 3 டெசிபல் வித்தியாசம். நீங்கள் எந்தக் குமிழையும் திருப்பேல்லை, ஆனால் பாட்டின் ஒரு பகுதி மற்றதைவிட 3 டெசிபல் கூடிப்போச்சு. அதே ஸ்பீக்கரை 0.05 ஓம் இருக்கிற ரான்சிஸ்டர் அம்பில போட்டால் வித்தியாசம் 0.1 டெசிபல் மட்டும்.

'இந்த அம்புக்கு இதமான குரல்' எண்டு எழுதுறதில ஒரு பெரிய பங்கு இதுதான். அந்த 'குரல்' அம்பின் குணமே இல்லை. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வளைவை அம்ப் ஒலியாக வரைஞ்சு காட்டுது, அவ்வளவுதான். இன்னொரு ஸ்பீக்கரைப் போட்டால் அதே அம்ப் வேறொரு குரலில பாடும். ஒருவர் வீட்டில இதம், இன்னொருவர் வீட்டில பேஸ் தொளதொள. அப்ப அம்பை மட்டும் தனியாக விமர்சிச்சு எழுதின மூன்று பக்கம் எதைப் பற்றினது?

1985இல் நடந்த ஒரு சம்பவம் இதைக் கொஞ்சம் குரூரமாகவே காட்டினது. அமெரிக்காவில ஸ்ரீரியோஃபைல் சஞ்சிகைக்காரரிடம் பொப் கார்வர் என்ற வடிவமைப்பாளர் ஒரு சவால் விட்டார். அவர்கள் மெச்சுற மிக விலைகூடின அம்ப் ஒன்றைப் போலவே தன்ர விலைகுறைஞ்ச ரான்சிஸ்டர் அம்பை ஒலிக்க வைக்கிறன் எண்டார். அந்த விலைகூடின அம்பின் பெயரைச் சஞ்சிகை சொல்லேல்லை, கொன்ராட்-ஜோன்சனின் ரியூப் அம்ப் எண்டுதான் பின்னர் பரவலாகக் கருதப்பட்டது. ரெண்டு அம்பின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிச்சு, மிஞ்சுறதை அளந்து அளந்து குறைச்சார். கடைசியில கேட்டவர்களால ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியேல்லை. 'ஆன்மா' எண்டு எழுதப்பட்டதில எவ்வளவோ அளக்கக் கூடியதாக, ஒரு அம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடியதாக இருந்திருக்கு.

இதை வைத்து 'ரியூப் எல்லாம் ஏமாத்து' எண்டு சொல்லுறவர்களோடயும் எனக்கு உடன்பாடில்லை. பொருத்தமான சோடியில ரியூப் அம்ப் எவருடைய பரிதாபத்துக்கும் உரியதில்லை. 98 டெசிபல் ஸ்பீக்கரில ஒரு மீற்றருக்கு 85 டெசிபல் சத்தத்தில பாட்டுக் கேட்டால் செலவாகிறது ஒரு வொட்டின் இருபதில ஒரு பங்கு. அந்த அளவில ஒரு நல்ல ட்ரையோட் அம்பின் திரிபு மிகக் குறைவு, இருக்கிறதும் பெரும்பாலும் ரெண்டாம் ஹார்மோனிக், அதாவது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. உச்சம் வந்தால் எட்டு வொட் வரைக்கும் இடம் மிச்சமிருக்கு. அண்டைக்குப் பாவிச்ச முறை இண்டைக்கும் வேலை செய்யும், அதுக்குரிய துணையைக் குடுத்தால்.

நல்ல சோடிக்கு உதாரணம் வேணுமெண்டால் இங்கிலாந்தின் குவாட். பீற்றர் வோக்கரின் நிறுவனம் 1953இல் குவாட் 2 என்ற 15 வொட் ரியூப் அம்பைக் கொண்டுவந்தது. 1957இல் அதே நிறுவனம் ஈஎஸ்எல் என்ற மின்னிலையியல் ஸ்பீக்கரை விற்பனைக்கு விட்டது. அதன் இம்பீடன்ஸ் வளைவு பொல்லாதது. கீழ் மீடிறனில 30 ஓமுக்கு மேல, உச்ச மீடிறனில ரெண்டு ஓம் அளவுக்கு வீழ்ச்சி. ஆனால் அந்த உச்சத்தில இசையின் வலு மிகச் சின்னது, 15 வொட் காணும். பிறகு வந்த பெரிய ரான்சிஸ்டர் அம்ப்களை மாட்டினவர்கள்தான் பனல்களைப் பொறிதட்டிப் பழுதாக்கினார்கள். கூடின வொட் அங்கே பாதுகாப்பில்லை, ஆபத்து. 1970களில பிபிசி தன்ர வெளிப்புற ஒலிபரப்பு வான்களுக்காக வடிவமைச்ச எல்எஸ்3/5ஏ இன்னொரு பாடம். சென்சிற்றிவிற்றி 82, 83 டெசிபல்தான், ஆனால் பழைய வகையின் இம்பீடன்ஸ் 15 ஓம். சின்ன அறை, கிட்ட இருந்து கேட்கிறது எண்டால் சுமாரான புஷ்-புல் ரியூப் அம்ப் அதோடு சுகமாகப் போகும். ஒரு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இந்தச் சோடியைத் தள்ளியிருப்பீங்கள்.

'காது இருக்கே, கேட்டு முடிவெடுக்கலாம்தானே' எண்டு சொல்லுவார்கள். கேட்க வேணும்தான், கடைசித் தீர்ப்பு காதுடையதுதான். ஆனால் காது கடையில கேட்கிறது கடைக்காரர் சேர்த்த சோடியை, கடையின் அறையில. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்தால் தீர்ப்பும் செல்லாது. எண்கள் காதுக்குப் பதிலாக வாறதில்லை. எதைக் கேட்கப் போய் நேரத்தையும் காசையும் வீணாக்கத் தேவையில்லை எண்டு சொல்லத்தான் அவை.

ஆகவே என்ர நிலைப்பாடு இது. முதலில ஸ்பீக்கர். அறைக்கும் கேட்கிற இசைக்கும் ஏற்ற மாதிரி அதைத் தெரிவு செய்யுங்கோ, பிறகு அதுக்கு அம்ப் தேடுங்கோ. ரியூப்தான் வேணுமெண்டு மனம் அடம்பிடித்தால், ரியூப் அம்புக்கு ஏற்ற ஸ்பீக்கர்களுக்குள்ள மட்டும் தேடுங்கோ. சென்சிற்றிவிற்றி கூடினது, ஆகக் குறைஞ்ச ஓம் 5, 6க்குக் கீழே போகாதது, வளைவு அமைதியானது. நிறுவனத்தின் தாளை மட்டும் நம்பாமல், வேறாக அளந்தவர்களின் வளைவைத் தேடுங்கோ. ஸ்ரீரியோஃபைலே இப்ப ஸ்பீக்கர்களின் இம்பீடன்ஸ் வளைவை அளந்து போடுது. அம்ப்களை ஸ்பீக்கர் மாதிரியான சுமையோடு அளந்தும் காட்டுது.

ரியூப் அம்பின் பின்னால 4, 8, 16 எண்டு தனித்தனி முனைகள் இருக்கும். ரியூப் ஆயிரக்கணக்கான ஓம் சுமையைப் பார்க்க விரும்பும், ஸ்பீக்கர் ஒரு சில ஓம்தான். இடையில நிற்கிற ரான்ஸ்போமர்தான் தரகர். சுற்று விகிதம் 25க்கு 1 எண்டால் ஓம் விகிதம் 625க்கு 1. 8 ஓம் ஸ்பீக்கர் ரியூபுக்கு 5000 ஓமாகத் தெரியும். அதே முனையில 4 ஓம் ஸ்பீக்கரைக் கொழுவினால் 2500தான் தெரியும், திரிபு கூடும். ரெண்டு முனையிலயும் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம், அதுக்குக் காசு தேவையில்லை. 4 ஓம் முனையில அம்பின் சொந்தத் தடையும் 8 ஓம் முனையை விடப் பாதியாகும். ஒன்று மட்டும் கவனம். ஸ்பீக்கர் கொழுவாமல் ரியூப் அம்பைப் பாட விடாதீங்கோ, ரான்ஸ்போமர் எரிஞ்சு போகலாம். பெட்டியைத் திறந்து விளையாடாதீங்கோ, உள்ளே 300, 400 வோல்ட் இருக்கும், பிளக்கைக் கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

வளைவு சமனில்லாத சோடி ஒன்று உங்களுக்குப் பிடிக்கலாம். அந்த 3 டெசிபல் உங்கட பழைய பாட்டுகளுக்கு அழகாகவே இருக்கலாம். பிடிச்சால் வைச்சுக் கேளுங்கோ, அதில வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் என்ன பிடிச்சிருக்கு எண்டு தெரிஞ்சு கொண்டு பிடிக்கட்டும். ஒருவருடைய ரசனையை அவருக்கே தெரியாத ஒரு கணக்கு தீர்மானிக்கிறதும், அந்தக் கணக்கை 'ஆன்மா' எண்டு பெயர்போட்டு விற்கிறதும்தான் எனக்குப் பிரச்சினை.

விமர்சனம் எழுதுறவர்கள் நாங்கள். சொற்கள்தான் எங்கட கருவி. 'இதம்' எண்டு எழுதுற ஒவ்வொரு இடத்திலயும், எதோட சேர்த்துக் கேட்டபோது எண்டதையும் எழுதட்டும். அது இல்லாத ஐந்து நட்சத்திரத்தை அரைவாசி வாக்கியமாகத்தான் வாசிக்க வேணும்.